விடுமுறையில் மட்டும் ஒரு குட்டியை வளர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: ஆதம்பாக்கத்தில் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. கணவருக்கு அம்பத்தூரில் ஷிஃப்ட் வேலை. விலங்குகள் காப்பகத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கூட்டிவந்து, மே மாத விடுமுறையில் மட்டும் வளர்த்துக் கொடுக்கலாம் என்கிறான் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன். நிரந்தரமாக வளர்க்க எங்களால் முடியாது. மூட்டுவலியுள்ள மாமியார் உடன் இருக்கிறார். கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனரும் அவருடைய லேப்ரடாரும். ‘பழக்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது பாவம்’ என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வேண்டாம். பால்குடி மறந்த பூனைக்குட்டிகள் இரண்டை, ஒரே ஈற்றில் பிறந்தவையாகக் கேளுங்கள்.

காப்பகங்கள் எதற்காக வீடுகளைத் தேடுகின்றன என்பது தெரிந்தால் இதன் காரணம் புரியும். அடிபட்ட, நோயுற்ற விலங்குகள் தினமும் வந்து இறங்கும் இடம் அது. வளர்ந்த நாய் அங்கே தாக்குப்பிடிக்கும். குட்டிகளின் நிலை வேறு. தாயின் முதல் பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி, ஆறாவது வாரத்திலிருந்தே குறையத் தொடங்கும். தடுப்பூசியின் பலமோ முழுதாக வர 16 வாரம்வரை ஆகலாம். இந்த இடைவெளியில்தான் நாய்க்குட்டிகளைப் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களும், பூனைக்குட்டிகளைப் பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோயும் கொண்டுபோகின்றன. கூண்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், கிருமி பரவ, பக்கத்துக் கூண்டிலிருந்து ஒரு துணியோ ஒரு ஜோடிச் செருப்போ போதும். அதனால், நான்கைந்து வாரம் ஒரு குட்டி வேறு விலங்கு இல்லாத ஓர் அறையில் இருப்பதே அதன் உயிருக்குக் காப்பு. நீங்கள் கொடுக்கப்போவது பாசம் மட்டுமல்ல, அந்த அறையும்தான்.

இப்போது உங்கள் வீட்டைப் பார்ப்போம். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுவரைகூட, உயிரோடு இருக்கும். நாய்க்குட்டி ஒன்று அந்தக் கிருமியோடு வந்தால், மாடிப்படி வழியாக உங்கள் செருப்பிலேயே அது கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். லேப்ரடாருக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தால் பெரிய பயமில்லை. போட்டிருக்கிறார்களா என்று நீங்கள் போய் விசாரிப்பது தர்மசங்கடம். பூனையின் பான்லுகோபீனியா நாயை நோயாக்குவதில்லை என்பதால் அந்தக் கவலை வெகுவாகக் குறையும். மற்றொன்று, நாய்க்குட்டியைச் சிறுநீர் கழிக்க அடிக்கடி தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். மதியத்தில் அது மாமியாரின் முழங்காலுக்குத்தான் வேலை. பூனைக்குட்டிக்கு, மலஜலம் கழிக்க லிட்டர் ட்ரே எனும் தட்டு ஒன்று போதும். ஆற்று மணலோ கிழித்த நாளிதழோ பரப்பி வையுங்கள். பெரும்பாலான குட்டிகள் தாமாகவே பழகிக்கொள்ளும். ஈரம் பட்டால் கட்டியாகும் வகை மணல் மட்டும் சின்னக் குட்டிக்கு வேண்டாம், வாயில் போட்டுவிடும்.

கண் திறக்காத குட்டிகளைப் பற்றிக் காப்பகத்தில் கேட்டால் மறுத்துவிடுங்கள். முதல் வாரங்களில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மாட்டுப்பால் பேதியில் கொண்டுபோய் விடும். குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும். பழகிய கைகளுக்கே அது பெரிய வேலை.

ஐந்து வாரக் குட்டி அப்படியில்லை, தானே நக்கிச் சாப்பிடும். பூனைக்குட்டிகளுக்கான ஈர உணவைக் காப்பகம் சொல்லும் அளவில், நாளுக்கு நான்கு வேளை வையுங்கள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் மகனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். தினமும் காலை உணவுக்கு முன், ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, குட்டியை அதில் உட்காரவைத்து எடையை நோட்டில் எழுத வேண்டும். நாளுக்குச் சுமார் 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள். இரண்டாம் நாளும் ஏறவில்லை என்றாலோ, குறைந்தாலோ காப்பகத்துக்குப் போன் செய்துவிடுங்கள். வெளியே எதுவும் தெரிவதற்கு முன்பே நோயைக் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். வாந்தி, தண்ணீராகப் பேதி, ஈறு வெளுத்துப்போவது, கூப்பிட்டாலும் தலை தூக்காமல் கிடப்பது ஆகியவற்றுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. குட்டி சில மணி நேரத்தில் கைவிட்டுப் போய்விடும்.

எந்த அறை என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். சின்ன அறையாக, துடைக்க எளிதாக இருப்பது நல்லது. முதல் 14 நாள் குட்டிகள் அங்கேயே இருக்கட்டும். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஐந்து வாரக் குட்டி அனாயாசமாக நுழையும். கொசுவலை அடித்திருந்தால் சரி, இல்லையென்றால் அடித்துவிட்டுத்தான் கூட்டிவர வேண்டும். பீரோவுக்கு அடியில் அந்துருண்டை கிடந்தால் எடுத்துவிடுங்கள். தரை துடைக்கும் பினாயிலும் அந்த அறைக்குள் வரவேண்டாம். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது, பாதத்தில் பட்டதை நக்கியே நஞ்சேறும். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் ப்ளீச் திரவத்தை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாக விட்டு, நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகு குட்டிகளை விடுங்கள். பான்லுகோபீனியா, பார்வோ கிருமிகளைக் கொல்வது அதுதான், பினாயில் வாசனை அல்ல. உங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் பூனையோ நாயோ அங்கே நோயில் இறந்திருந்தால் அதையும் காப்பகத்தில் சொல்லிவிடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் அப்படித்தான்.

மனிதர்கள் விஷயம். பூனைக்குட்டிகளிடமிருந்து படை ஒட்டுவது சகஜம். வட்டமாக முடி கொட்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டும்வரை மாமியார் மடியில் எடுக்க வேண்டாம். மகனைக் கீறினாலோ கடித்தாலோ மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு, 0, 3, 7, 28 என்று நான்கு நாள் போடுவார்கள். குட்டிதானே என்று விடக்கூடாது. அடுத்தடுத்து இந்தப் பணியைச் செய்ய விரும்பினால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் ஊசியைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

ஹவுஸ் ஓனரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். செல்லப்பிராணிகளுக்கு ஒட்டுமொத்தத் தடை போடக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டியிருக்கிறது. ஆனாலும் தனிவீட்டு மாடியில் சட்டம் பேசிக்கொண்டு ஒரு குட்டியை நிம்மதியாக வளர்க்க முடியாது. எத்தனை வாரம், எந்த அறை என்று எதிரில் உட்கார்ந்து சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

1959-ல் தொடங்கப்பட்டு, இப்போது கிண்டி, வேளச்சேரிப் பக்கம் இயங்கும் ப்ளூ கிராஸ் காப்பகம் போல உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இடங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும், குட்டி காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது, உங்களிடம் தற்காலிகமாக இருக்கிறது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். உணவும் மருந்தும் யார் செலவு, இரவு 11 மணிக்கு யாருக்குப் போன் செய்வது, நீங்கள் ஊருக்குப் போக நேர்ந்தால் யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் ஆகிய மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் எடுக்காதீர்கள்.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். அவருடைய மனசு புரிகிறது. தெருவில் விட்டுவிட்டு வந்தால் அது பாவம்தான். நீங்கள் செய்வது அதுவல்ல. பூனைக்குட்டி மனிதர்களிடம் பழகும் பருவம் இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஏழாவது வாரத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அந்த நாட்களில் மிக்ஸி சத்தத்தையும் காலிங் பெல்லையும் கேட்டு, ஒரு சிறுவன் கையில் தூங்கி வளர்ந்த குட்டி அடுத்த வீட்டில் சீக்கிரம் ஒன்றிக்கொள்ளும். கூண்டுக்குள்ளேயே அந்தப் பருவத்தைக் கழித்தது, ஆள் வந்தால் மூலையில் போய் ஒண்டும், அதை யாரும் தத்தெடுக்க மாட்டார்கள். சுமார் இரண்டு மாதமாகி, எடை ஒரு கிலோவை நெருங்கும்போது தத்துக்குத் தயார். இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவை படுத்த துணியைத் துவைக்காமல் கூடையில் போட்டு அனுப்புங்கள். மகனிடம் திருப்பிக் கொடுக்கும் நாளை முதல் நாளே காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் அழுதால் அழட்டும். அவன் எழுதிய எடை நோட்டைத் தத்தெடுப்பவரிடம் அவனே கொடுக்கட்டும்.

மே மாதம் என்கிறீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மதிய ஆட்டோப் பயணம் வேண்டாம். காலை 8 மணிக்குள் மூடியுள்ள கூடையோடு போய் அழைத்துவந்துவிடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை கொதிக்கும் என்றால் அதை விட்டுவிட்டு வேறு அறை பாருங்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் குட்டிகளுக்கு மதிய வேளை உணவு வைக்க யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதே பேசி முடிவுசெய்துகொண்டு, ஏப்ரல் கடைசியில் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள்.