கிரேக்க வேதத்தில் எபிரெயப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயரா?

பதில்: ஒரே பெயர்தான். யெகோஷுவா பிற்காலத்தில் யேஷூவா என்று சுருங்கியது. நெகேமியா 8:17இன் எபிரெய மூலம் நூனின் மகன் யோசுவாவையே அப்படி அழைக்கிறது. கிரேக்கத்தில் ஷகரம் இல்லை. அங்கே ஸகர எழுத்தான சிக்மா வந்து உட்கார்ந்தது. கடைசியில் நிற்கும் ‘அயின்’ தொண்டையொலிக்கும் எழுத்தில்லை. ஒட்டியிருந்த அகரமும் அதோடு போயிற்று. எழுவாய்க்கு உரிய ஸகரத்தைச் சேர்த்தார்கள்: யேசூஸ். வேற்றுமை ஏற்றால் அந்த ஸகரம் உதிர்ந்துவிடும். ‘இயேசுவின்’ என்பது யேசூ, ‘இயேசுவை’ என்பது யேசூன். எபிரெயர் 4:8இல் வரும் யோசுவாவும் கிரேக்கத்தில் யேசூஸ்தான். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் அங்கே இயேசு என்றே அச்சிட்டது. தமிழில் யோசுவா என்று இருப்பதால் நமக்குக் குழப்பமில்லை.

கேள்வி: யேசூஸ் என்ற பெயர் கிரேக்கரின் ஜீயஸ் கடவுளிடமிருந்து வந்ததாமே?

பதில்: இல்லை. ஒலி ஒற்றுமையை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஏசாயாவின் தந்தைதான் ஆமோஸ் தீர்க்கதரிசியா?

பதில்: நல்ல கேள்வி. எபிரெயத்தில் தந்தையின் பெயர் ஆலெப் என்ற எழுத்தில் தொடங்கி ட்ஸாதே என்ற எழுத்தில் முடிகிறது. தீர்க்கதரிசியின் பெயர் அயினில் தொடங்கி ஸாமெக் என்ற எழுத்தில் முடிகிறது. கிரேக்க எழுத்தில் இந்த வேறுபாடு நிற்காததால் இருவரும் ஆமோஸ் ஆனார்கள். கிரேக்கம் மட்டும் படித்தவர்கள் இருவரையும் ஒருவராக எண்ணியதற்கு இதுவே காரணம். தமிழில் தந்தை ஆமோத்ஸ்.

கேள்வி: யாக்கோப், யாக்கோபொஸ் என்று இரண்டு வடிவம் ஏன்?

பதில்: பழைய ஏற்பாட்டு முற்பிதாவின் பெயர் கிரேக்கத்தில் வேற்றுமை ஏற்காமல் யாக்கோப் என்றே நிற்கும். செபதேயுவின் மகனான அப்போஸ்தலனுடைய பெயர் கிரேக்க விகுதி பெற்று யாக்கோபொஸ் ஆனது. நாம் உகரம் சேர்த்து இருவரையும் யாக்கோபு ஆக்கிவிட்டோம்.

கேள்வி: ‘யெகோவா’வின் சரியான உச்சரிப்பு?

பதில்: இங்கே மனிதர் பெயர்கள் மட்டும்.

கேள்வி: ‘சூஸ்’ என்று முடிகிறதே, ஜீயஸ் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: மறுபடியும் ஒலி! ஜீயஸின் முதலெழுத்து ஜீட்டா என்ற வேறு எழுத்து. யேசூஸின் நடுவே இருப்பது சிக்மா. ‘ஜீயஸின்’ என்பதற்குக் கிரேக்கம் டியோஸ் என்கிறது. அந்த வடிவத்தில் யேசூவோடு ஒட்டுறவே இல்லை. மேலும், அலெக்சாந்திரியா யூதர்கள் மோசேயின் ஐந்தாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டில். எண்ணாகமம் 13:16இல் மோசே நூனின் மகனுக்கு இடும் பெயர் அப்போதே யேசூஸ். சிலைவழிபாட்டை அருவருத்த அந்த யூதர்கள் தங்கள் தலைவனுக்கு ஜீயஸின் பெயரை வைத்திருப்பார்களா?

கேள்வி: அன்னா, அன்னாள் இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றே. எபிரெயத்தில் ஹன்னா.