பெட் ஸ்கேன்ல தெரிஞ்சாலே கேன்சர் பரவிடுச்சுன்னு அர்த்தமா? பயாப்சி எதுக்கு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. 2020ல மார்பக கேன்சருக்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தாங்க. ரெண்டு மாசமா இருமல். பெட் ஸ்கேன்ல நெஞ்சுக்கு நடுவுல மூணு நெறிக்கட்டி, "பரவியிருக்கலாம்"னு ரிப்போர்ட். டாக்டர் பயாப்சி எடுக்கணும்ங்கிறார். ஊசி பட்டா இன்னும் பரவும்னு சித்தப்பா பயமுறுத்துறார். தெரிஞ்சவர் ஒருத்தர் ரத்தத்துலயே லிக்விட் பயாப்சி பண்ணிடலாம், நான் ஏற்பாடு பண்றேன்ங்கிறார். என்ன செய்ய?

பதில்: பயாப்சி, அதாவது கட்டியில இருந்து துளி சதை எடுத்து சோதிக்கிறது, அத எடுத்துடுங்க. உங்க டாக்டர் சரியாத்தான் சொல்றார்.

ரிப்போர்ட்ல "பரவியிருக்கலாம்"னு தானே இருக்கு, அந்த "லாம்" தான் விஷயமே. பெட் ஸ்கேன்ல சர்க்கரை மாதிரி ஒரு மருந்த ஏத்துவாங்க, எங்க அது நிறைய சேருதோ அந்த இடம் பளிச்சுனு தெரியும். கேன்சர் செல் சர்க்கரைய இழுக்கும், டிபி கிருமி இருக்குற இடத்துல கூடுற செல்லும் அதே மாதிரி இழுக்கும், ஸ்கேனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்ம ஊர்ல டிபி எவ்ளோ இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. டிபிய பரவல்னு நெனச்சு கீமோ ஆரம்பிச்சா எதிர்ப்பு சக்தி விழுந்து டிபி தலைவிரிச்சு ஆடும்.

சரி, கேன்சரே தான்னு வைங்க. அப்பவும் துண்டு வேணும். 2020ல எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சுக்க கட்டியில ஈஆர், பிஆர், ஹெர்-2ன்னு டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, திரும்பி வர்றப்ப அது சிலருக்கு மாறியிருக்கும். பழைய ரிப்போர்ட்ட வச்சு மாத்திரை குடுத்தா வேலை செய்யாமயே போகலாம்.

ஊசி பட்டா பரவுங்கிற பயம் தேவையில்லாதது, இதுக்கு பயந்து ஆறு மாசம் தள்ளிப்போட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன், மனசு ஆறல. அம்மாவுக்கு பண்ணப்போறது அநேகமா ஈபஸ், வாய் வழியா ட்யூப் விட்டு மூச்சுக்குழாய்க்குள்ள இருந்தே நெறிக்கட்டில ஊசி போடுறது, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க.

இப்ப நான் சொல்றத எழுதி வச்சுக்கோங்க. சாம்பிள் ரெண்டு பாட்டில்ல போகணும். ஒண்ணு ஃபார்மலின்னு சதைய கெடாம வைக்கிற திரவம், அது என்னை மாதிரி பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்ல பாக்க. இன்னொண்ணு வெறும் சலைன், அதாவது உப்புத்தண்ணி, அது டிபி கிருமிய வளர்த்துப் பாக்குற கல்ச்சருக்கும், கிருமியோட மரபணுவ தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட்டுக்கும். ஒரு தடவை என் மேஜைக்கு வந்த கேஸ்ல மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டு அனுப்பிட்டாங்க, பாத்தா டிபி மாதிரி கட்டிகள், ஆனா ஃபார்மலின் கிருமிய கொன்னுடும், கல்ச்சர் பண்ண வழியில்ல, அந்தம்மாவுக்கு மறுபடி ஊசி. உள்ள போறதுக்கு முன்னாடி "டிபிக்கும் அனுப்புவீங்களா"ன்னு வாய விட்டு கேளுங்க.

அந்த "ஏற்பாடு பண்ற" ஆள விட்ருங்க. லிக்விட் பயாப்சி நல்ல டெஸ்ட் தான், ஆனா கேன்சர்னு உறுதியானவங்களுக்கு எந்த மருந்து சேரும்னு பாக்க. உங்க கேள்விக்கு அது பதில் சொல்லாது, ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் கேன்சர் இல்லன்னு அர்த்தமில்ல. இப்படி ஆயிரக்கணக்குல பணத்த வாங்கிட்டு ஒண்ணுக்கும் ஆகாத கலர் ரிப்போர்ட் குடுக்குறாங்க, நடுவுல கமிஷன் யாருக்குன்னு யாரும் கேக்குறதில்ல. மார்பக கேன்சருக்கு பாக்குற சிஏ 15-3 ரத்த டெஸ்ட்டும் உங்க கேள்விக்கு பதில் சொல்லாது, அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பயாப்சிக்காக காத்திருக்காதீங்க. முதுகு வலியோட கால் மரத்துப்போறது, நடை தள்ளாடுறது, ஒண்ணுக்கு போக முடியாம அடைக்கிறது, இதுல எது வந்தாலும், ராத்திரியா இருந்தாலும் அன்னைக்கே எமர்ஜென்சி. தண்டுவடம் நசுங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்து உடனே ஸ்டீராய்ட், அப்புறம் ரேடியேஷனோ ஆபரேஷனோ. கால் முழுசா விழுந்துட்டா திரும்ப நடக்குறது ரொம்ப கஷ்டம், காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உங்கம்மாவுக்கு இப்ப அது இல்ல, இருந்தாலும் வீட்ல எல்லாருக்கும் தெரியட்டும்.

கடைசியா, 2020ல ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில, அப்ப எடுத்த கட்டிய மெழுகுல பதிச்சு வச்ச பிளாக்கும், அதுல சீவி எடுத்த கண்ணாடி ஸ்லைடும் கேளுங்க. புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சு பாத்தாத்தான் அதே கேன்சரா, நுரையீரல்ல புதுசா வந்ததான்னு எங்களுக்கு சொல்ல வரும். பல இடத்துல நாளைக்கு வா, கையெழுத்து வேணும்னு அலைக்கழிப்பாங்க, நோயாளி உடம்புல இருந்து எடுத்ததுக்கு நோயாளியோட பொண்ணு கெஞ்சணுமா? லெட்டர் எழுதிக் குடுத்து, வாங்கிக்கிட்டோம்னு சீல் வாங்கிடுங்க, பிளாக் அப்புறம் தானா வெளிய வரும்.