வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: குழந்தைகளின் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. மழலையர் பள்ளியில் சேர்ந்த ஆறு மாதங்களில் ஐந்து முறை சளியும் காய்ச்சலும் வந்துவிட்டன. அவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அச்சத்துக்கு இடமில்லை. பிற குழந்தைகளோடு பழகத் தொடங்கும் வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பே. இடைப்பட்ட நாட்களில் ஓடியாடி, பசித்து உண்டு, எடையும் கூடிவந்தால் கவலை வேண்டாம். ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா வருவது, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் தொற்று ஏற்படுவது, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குணம் தெரியாமலிருப்பது, உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி தோன்றுவது, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெண்பூஞ்சைப் படலம் விடாமலிருப்பது, எடை ஏறாதிருப்பது ஆகியவையே மருத்துவரை ஐயப்படச் செய்ய வேண்டியவை. இவற்றோடு நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தாய்வழி உறவில் ஆண் குழந்தைகள் யாரேனும் கைக்குழந்தையாகவே இறந்திருக்கிறார்களா? எந்தச் சோதனைச் சீட்டும் தராத தடயத்தைச் சில வேளைகளில் பாட்டியின் நினைவு தந்துவிடுகிறது.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் டானிக்குகள் இக்குறைபாட்டுக்குப் பயன்படுமா?

பதில்: பயன்படா. மரபணுப் பிழையால் உருவாகாத இரத்த அணுவையோ புரதத்தையோ எந்த டானிக்கும் உருவாக்கித் தராது. அவற்றை நம்பிக் கழியும் மாதங்களில் குழந்தையின் நுரையீரல் மீள முடியாதபடி சேதமடையக்கூடும்.

கேள்வி: என் தங்கை மகன் ஐந்து மாதம் வரை நலமாக இருந்தான், பிறகு இருமுறை நிமோனியா வந்தது. இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய இல்லை என்றும், ஆயுள் முழுவதும் அதை ஏற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இது எய்ட்ஸா என்று சிலர் கேட்பது அவளை நொறுக்கிவிட்டது.

பதில்: இது எய்ட்ஸ் அன்று, பிறருக்குத் தொற்றுவதும் அன்று. எய்ட்ஸ் ஒரு வைரஸால் பின்னால் வந்து சேர்வது. உங்கள் தங்கை மகனுக்கு இருப்பது மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே அமைந்தது. கருவின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் தொப்புள்கொடி வழியே குழந்தையை அடைகின்றன. அவை கரைந்து தீரும் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, குறைபாடு வெளியே தெரிவதில்லை. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய ஒரு சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் என்ற இதே எதிர்ப்புப் புரதம் இல்லாததைக் கண்டறிந்து, அதையே ஊசி மூலம் செலுத்தி, திரும்பத் திரும்ப வந்த தொற்றுகளைத் தடுத்தார். இதற்குக் காரணமான மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது. செலுத்தப்படும் புரதத்தில் பாதி சுமார் மூன்று வாரங்களில் கழிந்துவிடுவதால், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சிரை வழியாகவோ, வாரந்தோறும் தோலுக்கடியில் சிறு அளவாகவோ ஏற்றுகிறார்கள். பிள்ளை நலமாகத் தோன்றுகிறான் என்று ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அந்த நலம் சென்ற தவணை தந்தது.

கேள்வி: எங்கள் முதல் ஆண் குழந்தை தீராத வயிற்றுப்போக்கும் நிமோனியாவுமாக ஐந்தாம் மாதத்தில் இறந்துவிட்டது. என் தாய்மாமன் ஒருவரும் கைக்குழந்தையாகவே இறந்தாராம். இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் இழப்பு என்னை மிகவும் வருத்துகிறது. நீங்கள் சொல்லும் வரலாறு, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒருவகையான டி அணுக்களே உருவாகாத கடும் ஒருங்கிணைந்த எதிர்ப்புக் குறைபாட்டை நினைவூட்டுகிறது. இறந்த குழந்தையின் இரத்தமோ திசுவோ சேமிக்கப்பட்டிருந்தால், மரபணுப் பிழையைக் கண்டறிந்து, கருவிலேயே சோதிக்கலாம். இல்லையென்றாலும், பிறந்தவுடன் சாதாரண இரத்த அணுப் பரிசோதனை செய்து, டி அணுக்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,000 என்பது பெரியவருக்கு இயல்பு. பச்சிளங்குழந்தைக்கோ 3,000க்குக் குறைந்தாலே ஆழ்ந்து ஆராய வேண்டும். சோதனைச் சீட்டில் பெரியவர்களுக்கான அளவு அச்சிடப்பட்டிருந்தால், இந்த எச்சரிக்கை பார்வைக்குத் தப்பிவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் டி அணுக்களின் தடயத்தைத் தேடும் சோதனையும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் அதைத் தொடங்கியது.

முடிவு தெரியும் வரை பி.சி.ஜி., வாய்வழிப் போலியோ, ரோட்டா வைரஸ் ஆகிய உயிருள்ள தடுப்பு மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. இதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். குறைபாடு உறுதியானால், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தை மட்டுமே ஏற்ற வேண்டும்.

சிகிச்சை குருத்தணு மாற்று, அதாவது இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களைப் பிறரிடமிருந்து பெற்றுச் செலுத்துவது. 1968இல் உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையைக் கொண்டு இது முதன்முதலில் வெற்றி கண்டது. இன்று பாதிப் பொருத்தமுள்ள தாயோ தந்தையோகூடக் கொடையளிக்கலாம். மூன்றரை மாதத்துக்குள் மாற்று பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். பொருத்தமான கொடையாளர் இல்லாத சில வகைகளுக்கு, குழந்தையின் சொந்தக் குருத்தணுக்களையே திருத்திச் செலுத்தும் மரபணுச் சிகிச்சையும் உண்டு. தொடக்க கால முயற்சிகளில் சில குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டதால், மரபணுவைச் சுமந்து செல்லும் முறை பின்னர் மாற்றி அமைக்கப்பட்டது. எதுவாயினும் முதல் தொற்றுக்கு முன் தொடங்குவதே நல்லது. ஆகவே பிரசவத்துக்கு முன்பே எதிர்ப்பாற்றல் துறை வல்லுநர் ஒருவரைச் சந்தித்துவிடுங்கள்.