சொந்தமாகக் கெர்னல் கம்பைல் செய்வது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லினக்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் நிரலாளர் இல்லை, கணக்கு எழுதும் வேலை. லினக்ஸை வீட்டு லேப்டாப்பில் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். சமீபத்தில் என் டிஸ்ட்ரோ (லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோகம்) தன் கெர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதியை, 6.6 வரிசையிலிருந்து 6.12 வரிசைக்கு மாற்றியது. அன்றிலிருந்து மூடியை மூடிவிட்டுத் திறந்தால் லேப்டாப் எழுந்திருப்பதில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. பழைய 6.6ஐ பூட் செய்தால் ஒரு தொல்லையும் இல்லை.

ஒரு லினக்ஸ் குழுவில் இதைக் கேட்டேன். ஒருவர் "பைசெக்ட் பண்ணினீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர், கெர்னலின் மூல நிரலை எடுத்துச் சொந்தமாகக் கம்பைல் செய்தால் (இயங்கும் வடிவுக்கு மாற்றினால்) வேகமும் கூடும் பிரச்சினையும் போகும் என்றார். மூன்றாமவர், டிஸ்ட்ரோ கொடுப்பதைத் தொடவே கூடாது என்றார். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக் கோப்பையே (கெர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியல்) எடுத்து 6.12ஐ கம்பைல் செய்து, வந்த இமேஜை (கெர்னல் கோப்பை) பூட் அடைவில் போட்டு, பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் சேர்த்தேன். ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதியை) மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வந்து எல்லாம் நின்றுவிட்டது. அதோடு விட்டுவிட்டேன். மூடுமூல (மூல நிரல் வெளியிடப்படாத) கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்றும் வைத்திருக்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

என்னைப் போன்ற சாதாரணப் பயனருக்கு இந்த வேலையெல்லாம் தேவையா? அந்த விவாதங்களில் எங்களுக்கு இடம் இருக்கிறதா, இல்லை நிரலாளர்கள் முடிவெடுத்து அனுப்புவதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கெர்னல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிய நிரல், அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு கருவியையும் இயக்கும் பகுதிகள். ஒரு டிரைவரை எழுதுகிறவர் தன் மேசையில் இருக்கும் சில கருவிகளில் ஓட்டிப் பார்த்திருப்பார். அதே சிப் வேறொரு மதர்போர்டில், வேறொரு பயோஸோடு, மூடியை மூடித் திறக்கும்போது என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. உங்கள் லேப்டாப் உங்களிடம்தான் இருக்கிறது. பழையதில் ஓடியது புதியதில் ஓடாமல் போவதை ரெக்ரெஷன் என்பார்கள், கெர்னல் உலகில் மற்றப் பல புகார்களைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் புதிய பதிப்பு கெடுக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் விதி. அப்படிக் கெடுத்த மாற்றம் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், சீக்கிரம் சரிசெய்ய முடியாவிட்டால் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதுதான் அங்கே எதிர்பார்ப்பு.

சரி, எந்த மாற்றம் கெடுத்தது? 6.6க்கும் 6.12க்கும் நடுவே பல்லாயிரம் மாற்றங்கள். "எழுந்திருக்கவில்லை" என்று மட்டும் சொன்னால், பவர் மேனேஜ்மென்ட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போக வேண்டுமா, கிராஃபிக்ஸ்காரரிடமா, டிஸ்க் டிரைவர்காரரிடமா என்பதே தெரியாது. மூவருமே தன்னுடையது இல்லை என்று நம்புவார்கள், அதில் இருவர் நம்புவது சரியாகவும் இருக்கும். இந்த இடத்தில்தான் அந்தக் குழுவில் உங்களை வருத்தப்படுத்திய கேள்வி வருகிறது. கேட்ட விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போனால் புதியவருக்கு அது விரட்டுவதாகத்தான் படும். கெர்னல் சமூகத்தின் பேச்சுமுறை பற்றி உள்ளுக்குள்ளேயே நீண்ட சண்டை நடந்திருக்கிறது; 2018 செப்டம்பரில் லினஸே தன் மின்னஞ்சல்களின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார், நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் கெர்னலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி பைசெக்ட்தான்.

அது செய்வது எளிய காரியம். நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்று கிட்டுக்கு (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) சொல்கிறீர்கள். அது நடுவில் உள்ள ஒரு மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். கம்பைல் செய்து, பூட் செய்து, மூடித் திறந்து பார்த்து, நல்லதா கெட்டதா என்று பதில் சொன்னால் மிச்சம் பாதியாகும். ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 10,000க்கு மேல் மாற்றங்கள் வருகின்றன, அதைக் கடக்க 14 சுற்று போதும். உங்களுக்கு நடுவே 6 பதிப்பு தூரம் இருக்கிறது, ஆனாலும் 17 சுற்று அளவில் முடிந்துவிடும், பாதி பாதியாகக் குறைவதன் பலன் அது. அதைவிடவும் குறைக்கலாம்: பல டிஸ்ட்ரோக்கள் பழைய பதிப்புகளைத் தயார்ப் பொதியாகவே சேமித்து வைத்திருக்கின்றன. முதலில் 6.9ஐ நிறுவிப் பாருங்கள். அதில் சரியாக எழுந்தால் 6.11ஐயும், எழாவிட்டால் 6.7ஐயும். ஒரு வரி கம்பைல் செய்யாமலே தேடும் இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

பைசெக்ட்டில் பலர் வழுக்குவது ஒரே இடத்தில். உங்கள் லேப்டாப் ஒவ்வொரு முறையும் தவறாமல் மாட்டிக்கொள்கிறதா, இல்லை நாலு தடவைக்கு ஒரு தடவையா என்று முதலில் பாருங்கள். எப்போதாவது என்றால், ஒரு தடவை ஒழுங்காக எழுந்ததை வைத்து "நல்லது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே ஒரு பொய்யான "நல்லது" போதும், அதற்கப்புறம் எல்லாச் சுற்றும் தவறான பாதியில்தான் நடக்கும், கடைசியில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் மாற்றம் குற்றவாளியாக வந்து நிற்கும். "கெட்டது" என்பதற்கு ஒரு தடவை போதும், "நல்லது" என்பதற்குப் பத்துத் தடவையாவது மூடித் திறக்க வேண்டும். நடுவில் ஒரு மாற்றம் வேறேதோ காரணத்தால் பூட்டே ஆகாவிட்டால் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டாம், தாண்டிப் போக ஸ்கிப் இருக்கிறது.

உங்கள் பேனிக்குக்கு வருகிறேன். கம்பைல் செய்ததில் தப்பு இல்லை, நிறுவியதில்தான் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. டிஸ்ட்ரோ கான்ஃபிகில் டிஸ்க் டிரைவர் பெரும்பாலும் தேவைப்படும்போது ஏற்றும் தனி மாட்யூலாகத்தான் இருக்கும், கெர்னல் இமேஜுக்குள் இருக்காது. அந்த மாட்யூல் இருப்பதோ டிஸ்கில். டிஸ்கைத் திறக்கும் சாவி டிஸ்குக்கு உள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி. அதற்காகத்தான் பூட் ஆகும்போது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கோப்பு முதலில் நினைவகத்துக்கு வருகிறது, தேவையான மாட்யூல்கள் அதில் இருக்கும். இமேஜை மட்டும் கையால் நகலெடுத்தால் அது உருவாகாது. மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால், அப்புறம் மேக் இன்ஸ்டால், இந்த வரிசையில் ஓட்டுங்கள். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் இரண்டாவது கட்டளையே இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப் மெனுவையும் பார்த்துக்கொள்ளும். சிலவற்றில் இரண்டையும் நீங்களே செய்ய வேண்டும்.

கம்பைல் நேரத்துக்கு ஒரு வழி உண்டு. டிஸ்ட்ரோ கான்ஃபிக் உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்குமானது, பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுத்தால் அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அதனால் கொடுப்பதற்கு முன் யூஎஸ்பி டிரைவ், ஹெட்போன், வெளித்திரை என்று நீங்கள் பயன்படுத்துவதையெல்லாம் ஒரு தடவை செருகிவிடுங்கள். கான்ஃபிகில் லோக்கல்வெர்ஷன் என்ற இடத்தில் ஒரு பெயர் கொடுத்து வையுங்கள், டிஸ்ட்ரோவின் கெர்னலோடு குழம்பாமல் இருக்கும். சான்றிதழ்க் கோப்பு கிடைக்கவில்லை என்று பில்ட் நின்றால், அது டிஸ்ட்ரோ தன் சாவிக்காகப் போட்ட பாதை, கான்ஃபிகில் அதைக் காலியாக்கிவிடலாம். லேப்டாப்பின் செக்யூர் பூட் பாதுகாப்பு இயங்கினால் நீங்கள் கையெழுத்திடாத கெர்னலை அது ஏற்காது, சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். நன்றாக ஓடும் 6.6ஐ எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம்.

வேகம் கூடும் என்று சொன்னவரை விட்டுவிடுங்கள். ஏற்றப்படாத மாட்யூல் நினைவகத்தைத் தின்பதில்லை, அதைக் கழிப்பதால் கம்பைல் நேரமும் டிஸ்க் இடமும் மிச்சமாகும், அவ்வளவுதான்.

டிஸ்ட்ரோ கொடுப்பதைத் தொடாதே என்றவர் பாதி சரி. அன்றாட வேலைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். சுமார் 9, 10 வாரத்துக்கு ஒருமுறை லினஸிடமிருந்து புதிய பதிப்பு வருகிறது: முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களைச் சேர்ப்பார்கள், பிறகு வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்று திருத்தம் மட்டும். அப்படி வந்த பதிப்புகளுக்கான திருத்தங்களை ஸ்டேபிள் வரிசையாகக் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் பராமரிக்கிறார்கள். லினஸ் வெளியிடும் மூல வரிசையான மெயின்லைனில் சேராத திருத்தம் ஸ்டேபிளுக்கு வரக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. உங்கள் டிஸ்ட்ரோ அதிலிருந்துதான் எடுக்கிறது. இந்த அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். டர்ட்டி பைப் என்ற பாதுகாப்பு ஓட்டை 2022 மார்ச்சில் வெளியானபோது, எழுத உரிமையில்லாத கோப்பிலும் சாதாரணப் பயனர் ஒருவர் எழுத முடிந்தது, 5.8இலிருந்தே அது உள்ளே இருந்தது. அதைச் சொந்தக் கெர்னலோடு சமாளிக்க வேண்டுமென்றால், அறிவிப்பைப் படித்து, எடுத்து, கம்பைல் செய்து, நிறுவுவது எல்லாம் உங்கள் பொறுப்பு. வருடக்கணக்கில் அதைத் தவறாமல் செய்யும் ஆட்கள் குறைவு.

ஆனால் டிஸ்ட்ரோ கொடுத்தால் அது சோதித்து முடித்தது, நமக்கு வேலையில்லை என்ற பாதி எனக்கு உடன்பாடில்லை. 2023 கடைசியில் 6.1.64இல் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்துக்கான ஒரு திருத்தம் மெயின்லைனில் நல்லபடியாக இருந்தது. அது 6.5இல் வந்திருந்த இன்னொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. 6.1க்குக் கொண்டுபோனபோது திருத்தம் மட்டும் போனது, அது நம்பியிருந்த மாற்றம் போகவில்லை. விளைவு, தரவு சிதையும் அபாயம். டெபியன் டிஸ்ட்ரோவின் 12.3 வெளியாக வேண்டிய நாளில் நிறுத்தப்பட்டது, மறுநாள் டிசம்பர் 10 அன்று சரிசெய்த கெர்னலோடு 12.4 வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் மோசமான நிரல் எழுதவில்லை. சேர்ந்தபோதுதான் கெட்டது. எந்தத் திருத்தத்தைப் பழைய வரிசைக்கு எடுத்துச் செல்வது, திருத்தங்களை இயந்திரமே தேர்ந்தெடுப்பதை எவ்வளவு நம்புவது என்ற வாதம் கெர்னல்காரர்களிடையே இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் குழுவினர் தங்கள் பகுதியில் அந்தத் தானியங்கித் தேர்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு, ஃபைல் சிஸ்டத்தில் ஒரு திருத்தம் ஒரு மாதம் தாமதமாவது தரவு போவதைவிட மேல். எப்படியானாலும் இந்த வாதத்தில் எடுபடுவது உண்மையான கணினிகளிலிருந்து வரும் செய்திகள்தான், "இந்தப் பதிப்பில் சரி, இதில் இல்லை, இந்த மாற்றத்தை எடுத்துவிட்டால் மறுபடி சரி" என்று எழுதுகிற ஆட்களை எல்லாத் தரப்பும் கேட்கிறது. கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்யத் தெரிந்திருப்பதன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். தினசரி ஓட்டுவதற்கு இல்லை, தேவைப்படும் அன்று பேசுவதற்கு.

பைசெக்ட்டை ஆரம்பிக்கும் முன் மூன்று காரியம். முதலில் அந்த மூடுமூல டிரைவரைக் கழற்றிவிட்டு மூடித் திறந்து பாருங்கள். அது இருக்கும்வரை கெர்னல் தன்னை டெயின்டட் (கறைபட்டது) என்று குறித்துக்கொள்ளும், அந்தப் புகாரை டெவலப்பர்கள் எடுக்க மாட்டார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களால் பார்க்கவே முடியாது. கழற்றியதும் பிரச்சினை போய்விட்டால் உங்கள் முகவரி கெர்னல் இல்லை, டிரைவர் கொடுத்த நிறுவனம். இரண்டாவது, இப்போதைய மெயின்லைன் பதிப்பை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், ஏற்கெனவே சரியாகியிருந்தால் அந்தத் திருத்தத்தை 6.12க்குக் கேட்டு எழுதினாலே போதும். மூன்றாவது, சிஸ் அடைவில் பவருக்குள் மெம்_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கும், எந்த வகைத் தூக்கம் தேர்வாகியிருக்கிறது என்று அதில் அடைப்புக்குறிக்குள் தெரியும். 6.6இல் டீப் (ஆழ்ந்த தூக்கம்), 6.12இல் எஸ்2ஐடில் (லேசான தூக்கம்) என்று மாறியிருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பைசெக்ட் ஒரு மாற்றத்தைக் காட்டினால், அந்த மாற்றத்தை எழுதியவருக்கும் அந்தப் பகுதியின் மெயின்டெய்னருக்கும் (பொறுப்பாளருக்கும்) நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள், ரெக்ரெஷன்களுக்கென்று உள்ள மின்னஞ்சல் பட்டியலுக்கும் ஒரு நகல் போகட்டும். லேப்டாப் மாடல், கடைசி நல்ல பதிப்பு, முதல் கெட்ட பதிப்பு, டிமெஸ்க் பதிவு (கெர்னல் தரும் செய்திகள்), இவ்வளவு போதும். பெரும்பாலும் ஒரு பேட்ச்சை (திருத்தத்தை) அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அது வேலை செய்தால், ரிப்போர்ட்டட்-பை (தெரிவித்தவர்), டெஸ்டட்-பை (சோதித்தவர்) என்ற வரிகளில் உங்கள் பெயர் கெர்னல் வரலாற்றில் சேரும், வேண்டாமென்றால் சொல்லிவிடலாம். 6.9 என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்