வளைகாப்பு முடிந்த பெண்ணிடம் திடீர் சிசு மரணம் பற்றிப் பேசலாமா?

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதைப் பேசினால் பயந்துவிட மாட்டாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் கிராம சுகாதார செவிலியர். ஏழாம் மாதத்திலேயே பேசிவிடுகிறேன், கூடவே அவள் அம்மாவையும் உட்கார வைத்து.

திடீர் சிசு மரணம் என்பது நன்றாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவது. ஒரு வயதுக்குள் வருவது. 2 முதல் 4 மாதம் வரை ஆபத்து அதிகம். தலைப்பிரசவம் என்றால் அந்த மாதங்களில் குழந்தை பெரும்பாலும் அம்மா வீட்டில்தான் இருக்கும். குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூங்கப் போடுவது பாட்டி. பச்சை உடம்புக்காரி பேச்சு அங்கே எடுபடாது.

மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றதும், "கக்குன பாலு பொரையேறிடுமே நர்சம்மா" என்பார்கள். நியாயமான பயம். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே இருக்கிறது. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போவது கடினம். குப்புறப் போட்டால்தான் அது தலைகீழாகிறது. கையை வைத்தே காட்டுவேன். அமெரிக்காவில் 1994 முதல் நாடு முழுக்க இதைச் சொன்ன பிறகு, சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பொரையேறிச் செத்த குழந்தைகள் கூடவில்லை.

கடுகுத் தலையணையை விட வைப்பதுதான் பெரும்பாடு. "மண்டை உருண்டையா வரணுமே" என்பார்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், தலை சரியாகும் என்பேன். தூளியில் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். தூங்கியதும் தட்டையான, கெட்டியான விரிப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில், தனியாகப் போட வேண்டும். மார்கழிக் குளிருக்குத் தூக்கத்தில் குல்லா, மேலே இரண்டு கம்பளி வேண்டாம். தாய்ப்பால் காப்பு. வீட்டுக்காரர் பீடி குடிப்பவரானால் அவரையும் கூப்பிடுவேன். கர்ப்பத்திலிருந்தே அந்தப் புகை ஆகாது.

பயமுறுத்தக் கூடாது என்பதைவிட, இதைப் பேச எனக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்ட மாவட்டம் எங்களுடையது. வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. காலையில் எழாத குழந்தை, அதுவும் பெண் குழந்தை என்றால், ஊர் முதலில் தாய் முகத்தைத்தான் பார்க்கும். அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இது அபூர்வமாக நடக்கும். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அப்படி நடந்தால் பெற்றவளைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த இடத்தில் பெண்ணின் அம்மா மகள் கையைப் பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.