ஐ.எஸ். கோடு வாங்கக் காசு இல்லையா? கேள்வி பதில்

கட்டுமானத் தளங்களில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருபத்திரண்டு வருடம் அலைந்தவள் நான். கட்டடம் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் தரநிலை நூல்தான் கோடு (code). "கோடு புத்தகம் எங்கே கிடைக்கும், என்ன விலை" என்று வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: மேடம், 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறேன். என்.பி.சி. 2016, அதாவது நேஷனல் பில்டிங் கோடு, வாங்கச் சொல்கிறார்கள். இரண்டு தடிமனான வால்யூம், விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு சிமெண்ட் வாங்குங்கள். மருத்துவமனை, தியேட்டர், அடுக்குமாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிய நூல் அது. உங்களுக்குத் தேவைப்படுவது அதில் மிகக் குறைவு.

இங்கே நிறைய பேர் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி போடலாம் என்பதெல்லாம் விதி. அது 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019'. அரசாணையாக வந்தது, கட்டட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி. இணையதளங்களில் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். திருத்தங்கள் அடிக்கடி வருகின்றன, அவற்றையும் சேர்த்து இறக்குங்கள். கம்பி, கலவை, பில்லர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் ஐ.எஸ். கோடு. அதை வெளியிடுவது பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனம்.

சேலத்திலிருந்து: அந்த ஐ.எஸ். கோடு மட்டும் இலவசமா, அக்கா?

இப்போது ஆமாம். பி.ஐ.எஸ். தளத்தில் பெயர் பதிந்து உள்ளே போனால் இந்தியத் தரநிலைகளை பி.டி.எஃப். ஆக எடுக்கலாம். வெளிநாட்டு ஐ.எஸ்.ஓ. தரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டவைதான் காசு கேட்கும். வீட்டுக்கு அவை தேவைப்படாது.

இது தானாக வந்த வசதி இல்லை. அமெரிக்கரான கார்ல் மாலமுட் என்பவரின் 'பப்ளிக் ரிசோர்ஸ்' அமைப்பு ஆயிரக்கணக்கான இந்தியத் தரநிலைகளை வாங்கி, ஸ்கேன் செய்து 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இலவச இணைய நூலகத்தில் போட்டது. "உயிரைக் காக்கும் விதியைப் படிக்க மக்கள் காசு கட்ட வேண்டுமா" என்று டில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் நடந்தது. முகப்பில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரிகளோடு ஒரு கோடு கையில் கிடைத்தால், அது அங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது அசல்தான், ஆனால் அதன் பிறகு வந்த திருத்தம் அதில் இருக்காது. அதனால் முதலில் பி.ஐ.எஸ். தளம்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: கல்லூரிப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 கோடை ஸ்பைரல் போட்டு மலிவாகத் தருகிறார்கள். போதுமா சார்?

மேடம். பரவாயில்லை.

அட்டையில் ஆண்டைப் பாருங்கள். 1978 பதிப்பின் நகல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "எம் 15 போதும்" என்று மீட்டிங்கில் சொல்லி அசடு வழிந்திருக்கிறேன். எம்-க்குப் பின்னால் வரும் எண் கான்கிரீட்டின் பலத்தைச் சொல்வது. பழைய பதிப்பு கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 15-ஐ அனுமதித்தது. 2000 பதிப்பில் குறைந்தபட்சமே எம் 20. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பழைய விதியில் வீடு கட்டாதீர்கள்.

திருவண்ணாமலையிலிருந்து: மேஸ்திரி "ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு" கலவைதான் நாற்பது வருஷமா போடுறேன் என்கிறார். கோடைக் காட்டினால் கோபப்படுகிறார். என்ன செய்ய?

மேலே சொன்ன கதையின் தொடர்ச்சிதான் இது. சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 என்பது ஏறக்குறைய எம் 15. அவர் தொழில் கற்றபோது அது சரி. இப்போது 1:1½:3.

புத்தகத்தை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், யாருக்கும் பிடிக்காது. ஐ.எஸ். 456-இல் 9-ஆம் அட்டவணை ஒரே பக்கம். அதன்படி எம் 20-க்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு மணல், ஜல்லி சேர்த்து அதிகபட்சம் 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டர். இந்த இரண்டு எண்ணை மட்டும் மிக்சருக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டு, 15 லிட்டர் வாளி இரண்டு வாங்கி வையுங்கள். "மூட்டைக்கு இந்த ரெண்டு வாளிக்கு மேல வேண்டாம்ணே" என்றால் விஷயம் முடிந்தது. ஈர மணல் என்றால் அதில் இருக்கும் தண்ணீருக்கு ஈடாகக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள். கலவை இளக்கமாக வரட்டும் என்று ஹோஸை உள்ளே விடுவதுதான் நான் பார்த்த வீடுகளில் பெரிய கேடு.

நாகப்பட்டினத்திலிருந்து: கடல் அருகே மனை. அதே கணக்கா?

இல்லை. கடலோரச் சூழலைக் கோடு 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. எம் 30, கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர். சட்டிக் கணக்குக் கலவைக்கு எம் 20 வரைதான் அனுமதி. எம் 30-க்கு மிக்ஸ் டிசைன், அதாவது சோதித்துக் கணக்கிட்ட கலவை வேண்டும், அல்லது ரெடிமிக்ஸ் வாங்குங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

துபாயிலிருந்து: ஊரில் அப்பா மேற்பார்வையில் வீடு எழும்புகிறது. தூரத்தில் இருந்து எதைக் கேட்டுப் பார்ப்பது?

கான்கிரீட் போடும் முந்தின நாள் போட்டோ கேளுங்கள். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி எப்படி மடங்கியிருக்கிறது என்று தெரியும்படி கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். செங்கோணத்தில் மடக்கி விட்டிருந்தால், நிலம் அதிரும்போது கவர் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி விவரங்களுக்கான ஐ.எஸ். 13920 கேட்பது 135 டிகிரி. நுனி தூணுக்கு உள்ளே பார்த்துக் குத்தியிருக்க வேண்டும். நம்மூரில் எங்கே நிலநடுக்கம் என்று நினைக்க வேண்டாம், சென்னையை 2002-லேயே இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். இதைப் படம் போட்டு விளக்கும் 'எர்த்குவேக் டிப்ஸ்' தொகுப்பை ஐ.ஐ.டி. கான்பூரில் உள்ள நிலநடுக்கப் பொறியியல் தகவல் மையமான நைசீயின் தளம் இலவசமாகத் தருகிறது. கோடு புரியாதவர்களுக்கும் அது புரியும்.

அப்புறம் கவர் பிளாக், அதாவது கவர் சரியாக வரக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை. கருங்கல் சில்லை முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: ரூஃப் போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. சென்ட்ரிங்காரர் வேறு இடத்தில் வேலை, பிரிக்கிறேன் என்கிறார்.

விடாதீர்கள். சாதாரண சிமெண்ட்டில் போட்ட ஸ்லாபுக்கு, ஸ்பான், அதாவது தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே உள்ள தூரம், 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். 6 மீட்டர் வரை ஸ்பான் உள்ள பீமுக்கும் 14. சாம்பல் போன்ற பொசோலானா கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் இன்னும் சில நாள் விடுங்கள், அது மெல்லத்தான் பலம் பிடிக்கும். ஐ.எஸ். 456-இல் 11.3-ஆம் பிரிவு, பாதிப் பக்கம். போனில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு, கூடுதல் நாள் வாடகை எவ்வளவு என்று இன்றைக்கே பேசி முடியுங்கள்.