மாட்டை விற்று மூட்டை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு 64 வயசுங்க அக்கா. காங்கயத்துக்குப் பக்கத்துல தோட்டத்துச் சாளையில குடியிருக்கோம். எட்டு வருசமா வலது முழங்கால் வலி, இப்ப ரெண்டு வருசமா இடதும் சேர்ந்துக்குச்சு. வலது கால் வில்லாட்டம் வளைஞ்சு போச்சு. எடை 78 கிலோ. சர்க்கரை இருக்குது, மூணு மாசச் சர்க்கரை 8.6. தெனமும் ரெண்டு வலி மாத்திரை போட்டாத்தான் கட்டுத்தரைக்கே போக முடியுது. ராத்திரி பொரண்டு படுத்தா வலியில முழிச்சுக்கறேன். கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டுனோம். ரெண்டு மூட்டையும் ஒரே சமயத்துல மாத்திரலாம், பேக்கேஜ் நாலு லட்சம், ரோபோல பண்ணுனா இன்னொரு லட்சம்னாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற பையன், மாட்டை வித்துப்போட்டு மீதிக்குச் சீட்டு எடுத்துக்கலாம்ங்கறான். கறவை மாடு ரெண்டுதான் என்ற கைச்செலவுக்கு. எங்க நங்கையா, அண்ணி முறை, ரெண்டு வருசம் முந்திப் பண்ணிக்கிட்டு, இன்னும் "மரக்கட்டையாட்டம் இருக்குது"ன்னு பொலம்பறாங்க. எனக்கு ரெண்டே ஆசைங்க. குத்த வெச்சு உக்காந்து மறுபடியும் பால் கறக்கோணும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தத்தோட பழனிக்கு நடக்கோணும். பண்ணிக்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதில்: ஒரு வார்த்தைக்குப் பதிலாக மூன்று சொல்கிறேன். வலது காலுக்குச் செய்துகொள்ளலாம். இடது காலை இப்போது தொட வேண்டாம். மாட்டை விற்க வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் பிசியோதெரபிஸ்டாக, அறுவை முடிந்து வருகிறவர்களைக் கட்டிலிலிருந்து இறக்கி, வாக்கரைக் கையில் கொடுத்து, முதல் அடி வைக்கச் சொல்லிக்கொடுத்தவள். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதைவிட வெளியே வந்தபின் நடப்பதுதான் எனக்கு அதிகம் தெரியும். பதிலிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

உங்கள் ஆசையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். மூட்டு மாற்று என்றால் முழங்காலையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் தேய்ந்துபோன மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் நுனிக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் என்று வைக்கிறார்கள். நம் ஊரில் "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்கிறோமே, அந்தக் குருத்தெலும்பின் வேலையை அந்தப் பிளாஸ்டிக் செய்கிறது. நன்றாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 110, 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலியில் உட்காரவும், எழவும், படி ஏறவும், பஸ் ஏறவும் அது தாராளம். குத்த வைத்து உட்கார அது போதாது. சிலருக்கு அதையும் தாண்டி மடங்குகிறது. ஆனாலும் குத்த வைத்தால் பிளாஸ்டிக்கின் மேல் விழும் பாரம் அதிகம், அதனால் வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புவோம். சம்மணம் போட்டு உட்காருவதும் அப்படித்தான்.

ஆகவே பால் கறப்பதற்காகத்தான் அறுவை என்றால், செய்துகொள்ளாதீர்கள். முடிந்தபின் என்னைத் திட்டுவீர்கள். ஒன்றிரண்டு மாட்டுக்குப் போதுமான சின்னக் கறவை மெஷின் இப்போது கிடைக்கிறது. நாலு லட்சம் புரட்டத் துணிந்த பையன் அதை வாங்கித் தரட்டும். சாணி வழிக்க நீளக் கைப்பிடி போட்ட தள்ளுகட்டை ஒன்றும் செய்து தரச் சொல்லுங்கள். மாடு உங்கள் கைச்செலவு மட்டுமில்லை, காலையில் உங்களைக் கட்டிலைவிட்டு எழுப்பி நடக்க வைப்பதும் அதுதான். அறுவைக்குப் பின் அதைவிட நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைக்கமாட்டார்.

பழனி விஷயம் வேறு. நடப்பதுதான் இந்த அறுவை தரும் பலன். வலியில்லாமல் நடப்பது, இரவில் தூங்குவது, கால் நேராவது, இந்த மூன்றுக்காகத்தான் செய்வது. முதல் வருடம் பாதயாத்திரை வேண்டாம். அதன்பிறகு தினம் நடந்து பழகி, ஓரளவு தூரம் போய்விட்டு மீதிக்கு வேனில் ஏறிக்கொள்ளுங்கள். மலையில் 693 படி. விஞ்சில் போனால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இப்போதுதான் செய்ய வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு எக்ஸ்ரே மட்டும் போதாது. படத்தில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருக்கும், ஆள் சந்தைக்குப் போய்வருவார். இன்னொருவருக்குப் படம் பரவாயில்லை, ஆள் எழவேமாட்டார். அவருக்கு வலி இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகிலிருந்தோ இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கனமாகப் பட்டவை மூன்று: வலது கால் வளைந்துவிட்டது, இரவில் வலி எழுப்புகிறது, தினமும் இரண்டு வலி மாத்திரை. கடைசி விஷயம்தான் ரொம்ப உறுத்துகிறது. சர்க்கரை இருக்கிற உடம்பில் வலி மாத்திரை வருடக்கணக்கில் போனால் சிறுநீரகம் கெடும், வயிற்றில் புண் வரும். இந்த வாரமே, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்காதீர்கள்.

அப்படியிருந்தும் நாளைக்கே போய்ப் படுத்துவிட வேண்டாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.6 இருக்கும்போது செய்தால் புண் ஆறுவதும் சிரமம், கிருமி சேரும் ஆபத்தும் கூடுதல். 7.5-க்குப் பக்கத்திலாவது கொண்டுவாருங்கள். அதற்கு மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைத்துப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. அதாவது ஐந்து கிலோவுக்கு இருபது. கைத்தடி வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். வலது கால் மோசம் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பத்துப் பேரில் ஏழு பேர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு வருவார்கள், நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பொடக்காலிக் கக்கூசில் உட்காரும் கோப்பை இன்னும் வைக்கவில்லை என்றால் முதல் செலவு அதுதான். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது வேண்டும்.

தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குவது போலக் காலை அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். காலை இருபது, மாலை இருபது. தசை வலுவானால் சிலருக்கு வலி பாதியாகி, அறுவையையே தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் அப்படி ஆனால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இடையில் யாராவது "ஊசி போட்டுக்கலாம்" என்றால், ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊசிக்கும் அறுவைக்கும் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும்.

பாதத்தையும் பாருங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குப் பித்த வெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண் இல்லாமல் இருக்காது. அந்தப் புண்ணில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம். சொத்தைப் பல்லும், சிறுநீரில் எரிச்சலும் இதே கணக்குதான். எல்லாம் ஆறியபின்தான் தியேட்டர். நூறில் ஒருவர் இருவருக்கு மூட்டில் கிருமி சேர்கிறது. சேர்ந்தால் சில சமயம் வைத்த மூட்டையே எடுக்க வேண்டிவரும். அந்த வார்டில் நான் பார்த்த கண்ணீரைப் பிரசவ வார்டில்கூடப் பார்த்ததில்லை.

இரண்டு காலும் ஒரே சமயத்தில் என்பது பற்றி. இதயம் திடமாக, சர்க்கரை இல்லாமல், இரண்டு காலும் சமமாகக் கெட்டுப்போனவர்களுக்குச் செய்கிறார்கள், நன்றாகவும் நடக்கிறார்கள். ஒரே மயக்கம், ஒரே லீவு, செலவும் குறைவு. உங்கள் கதை அது இல்லை. உங்கள் இடது கால் இரண்டு வருடமாகத்தான் வலிக்கிறது. வலதுக்கு வர வேண்டிய பாரத்தையும் சேர்த்துச் சுமந்தே அது களைத்திருக்கலாம். வலதைச் சரிசெய்தபின் இடது தானாக அடங்கியதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அடங்காவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எழுந்து நிற்க ஒரு சொந்தக் கால் மிச்சம் இருக்கட்டும்.

ரோபோவுக்கு ஒரு லட்சம் எனக்கு அதிகமாகப் படுகிறது. எலும்பை அளந்து வெட்டுவதில் அது துல்லியம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து ரோபோவில் செய்தவர் செய்யாதவரைவிட நன்றாக நடக்கிறார் என்று இன்னும் உறுதியாகக் காட்டப்படவில்லை. அந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை மூட்டு மாற்றுகிறார் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் போக வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே வைக்கும் மூட்டுக்கு விலை உச்சவரம்பு உண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று கட்டியது. அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். வரம்பு அவ்வப்போது கொஞ்சம் மாறும். பில்லில் மூட்டின் விலையை, கம்பெனிப் பெயர், பேட்ச் எண்ணோடு தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. "பேக்கேஜ்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினால், பிரித்து எழுதிக் கேளுங்கள்: மூட்டு எவ்வளவு, அறை எத்தனை நாள், பிசியோதெரபி சேர்த்தியா, கிருமி வந்தால் யார் செலவு.

அடுத்தது, பையனுக்குக் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா? சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்தால் பிடிக்க வேண்டும். அவர் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் உண்டு. அட்டையில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, மூட்டு மாற்றுக்கு என்ன வழி என்று கேட்டுவரட்டும். சிங்காநல்லூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அது இல்லையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் சேரலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு திருப்பூர் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் ஒருநாள் போய்க் காட்டுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், அறை கிடைக்காது. எப்படியும் மூன்று மாதம் காத்திருக்கப்போகிறீர்களே! அங்கே செய்துகொள்ளாவிட்டாலும் இரண்டாவது கருத்து இலவசம்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நிற்க வைத்துவிடுவார்கள். நாலைந்து நாளில் வீடு. இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். அதற்கப்புறம் உள்ள ஆறு வாரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் ஆறு படம் போட்டுக் கொடுத்து நாலாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரம்பரை வந்தது. வந்தவர்கள் ஆளுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்சும் வைத்துவிட்டு, "கால் வலிக்குமல்லொ" என்று முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைத் திணித்துவிட்டுப் போனார்கள். அப்படி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து நான் போய்ப் பார்த்தேன். காலை நீட்டச் சொன்னால், முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்தது. கால் மடங்கிய வாக்கில் இறுகிக்கொண்டிருந்தது. அதை நீட்டி எடுக்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் எனக்கு வீட்டில் பேர் "ராட்சசி".

அறுவைக்குப் பின் தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்துப் படுக்கவே கூடாது. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் தன் எடையில் தானே நீளும். மடக்குவதற்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலால் அறுவைக் காலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். டாக்டர் கொடுத்த வலி மருந்தை அரைமணி முன்பே போட்டுக்கொண்டு செய்யுங்கள். வலிக்கும். முதல் இரண்டு வாரத்தில் 90 டிகிரி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

எனவே தேதி குறிக்கும் முன் பையனிடம் கேளுங்கள்: அந்த ஆறு வாரமும் சாளையில் உங்களோடு இருப்பது யார்? மருமகளா, லீவு போட்டு அவரேவா? மாட்டை யார் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லாத வீட்டுக்கு நாலு லட்சம் இருந்தும் பிரயோசனமில்லை.

உங்கள் நங்கையாவைப் பற்றி. ஐந்தில் ஒருவர் சுமாருக்கு இந்த அறுவையில் முழுத் திருப்தி இருப்பதில்லை, அதை மறைத்துப் பயனில்லை. மூட்டு உழைக்காது என்ற பயம் மட்டும் வேண்டாம். பல நாட்டுப் பதிவேடுகளைத் திரட்டி 2019-இல் வந்த ஆய்வில், நூறில் 82 மூட்டுகள் 25 வருடம் கழித்தும் மாற்ற வேண்டியிராமல் இருந்தன. ஆனால் இரண்டு வருடம் ஆகியும் மரக்கட்டை போல இருந்தால், அது விதி என்று விட்டுவிடக்கூடாது. மடக்கம் நின்றுவிட்டதா, மூட்டு ஆடுகிறதா, உள்ளே மெல்லக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, பழைய எக்ஸ்ரேக்களோடு அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.